ஃபிளாஸ்க்கிலிருந்து ரியாக்டருக்கு

கரிம வேதியியலில் எம்.எஸ்சி. முடித்த பலரைப் போல நானும் ஹைதராபாத்துக்குத்தான் வேலைக்கு வந்தேன். ஜீடிமெட்லா, பொல்லாரம், பாஷமைலாரம் என்று மருந்து மூலப்பொருள் ஆலைகள் நிறைந்த ஊர். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு அல்ல, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. அதே மருந்துக்கு வேறு வழி கண்டுபிடிப்பவருக்கு மவுசு வந்தது அப்படித்தான். 2005-இல் சட்டம் மாறியபோதும் அந்தக் கைத்திறன் இங்கேயே தங்கிவிட்டது. நான் சாப்பிடும் சோறு அதில் வந்தது.

ஆய்வகத்தில் இருந்தவரை வினை என்றால் எனக்கு டி.எல்.சி. பிளேட்தான்; வினை எதுவரை வந்திருக்கிறது என்று புள்ளிகளாகக் காட்டும் சிறு தகடு அது. புற ஊதா விளக்கின் கீழ் பழைய ஸ்பாட் மறைந்து புதியது தெரிந்தால் மனசு நிறைந்துவிடும். யீல்டு எவ்வளவு, தூய்மை எவ்வளவு என்பதே பேச்சு. வெப்பத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐஸ் பாத்தில் இறக்கினால் ஃபிளாஸ்க் குளிர்ந்துவிடுமே!

கிரிக்னார்டு வினையை ஆலைக்குக் கொண்டுபோனபோது அந்த நிம்மதி போயிற்று. விக்டர் கிரிக்னார்டுக்கு 1912-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த வினை அது. மக்னீசியத்தோடு ஹேலைடை, அதாவது குளோரினோ புரோமினோ கொண்ட கரிமச் சேர்மத்தை, சேர்த்து கிரிக்னார்டு என்கிற வினைபொருளை உண்டாக்குவோம். மக்னீசியத் துருவல்மேல் ஆக்சைடு படிந்திருப்பதால் சட்டென்று தொடங்காது. ஒரு துணுக்கு அயோடினைப் போட்டுப் பழுப்பு நிறம் வெளிறக் காத்திருப்போம். தொடங்கும் முன்பே ஹேலைடு முழுவதையும் ஊற்றிவிட்டால், பிறகு மொத்தமும் ஒரே மூச்சில் பொங்கும். 1 லிட்டர் 1000 லிட்டராகும்போது வெளிவரும் வெப்பம் 1000 மடங்கு. அதே வடிவப் பாத்திரம் என்றால், வெப்பத்தை வெளியேற்றும் சுவர்ப்பரப்பு கூடுவதோ 100 மடங்குதான். இந்தக் கணக்கு என் பாடப்புத்தகத்தில் இல்லை.

ஆலையில் ஹேலைடில் சிறு பங்கை மட்டும் விட்டுவிட்டு வால்வை மூடுவார்கள். ரியாக்டர் என்னும் வினைக்கலனைச் சுற்றியிருக்கும் குளிர்விக்கும் உறையான ஜாக்கெட்டில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஓடும். கசிந்த தண்ணீர் கிரிக்னார்டில் பட்டால் எரியும் வாயு கிளம்பும் என்பதால் அந்த ஏற்பாடு. வெப்பமானியின் எண் தானாக ஏற வேண்டும், ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சரிலிருந்து கரைப்பான் சொட்டுவது சைட் கிளாஸ் என்னும் கண்ணாடிச் சன்னலில் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அடுத்த பங்கு. ஷிஃப்ட் முடிகிற பரபரப்பில் நான் கடிகாரத்தைப் பார்த்தால், "அவசரப்படாதீங்க சார், அதுவா கிளம்பட்டும்" என்பார் மூத்த ஆபரேட்டர். பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர். அந்த வினையின் குணத்தை அவர் அளவுக்கு அறிந்த முனைவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

இப்போது நேர்காணலில் எதிரே உட்காருகிற பிள்ளைகள் எலக்ட்ரான் நகர்வை அம்புக்குறி போட்டு அழகாக வரைகிறார்கள். இந்த வினையில் எத்தனை கிலோஜூல் வரும், அது எந்த வழியாக வெளியேறும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். தப்பு அவர்களிடம் இல்லை. எம்.எஸ்சி. செய்முறைத் தேர்வில் உருகுநிலைக்கு இடம் இருக்கிறதே, வினை வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டருக்கும் ஒரு வாரம் ஒதுக்கலாம். கல்லூரிக்குக் கருவி வாங்க வசதியில்லை என்றால் பக்கத்து ஆலைகள் கதவைத் திறந்துவிடட்டும். எங்கள் ஆலையிலும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.