கைப்பேசிக்கு வாய்ப்பூட்டு போட்ட ஊர்

“எங்கோ இருக்கிற நட்சத்திரம் முணுமுணுத்தால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்களாம்; பெற்றவள் கூப்பிட்டால் மட்டும் எடுக்கக் கூடாதாமா?” அம்மா இப்படிக் கேட்டபோது சிரிப்பு வந்தது, கூடவே சுருக்கென்றும் தைத்தது. மறுத்துப் பேசவும் வழியில்லை. நான் வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிற ஊரின் சட்டம் கிட்டத்தட்ட அதுதான்.

ஊரின் பெயர் நி-ஓலெசுண்ட். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தள்ளி, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் ஒரு ஃபியோர்டின் கரையில் இருக்கிறது. ஊர் என்று சொன்னாலும் குடும்பம், குழந்தை, பள்ளிக்கூடம் எதுவும் கிடையாது. ஏறக்குறைய பத்து நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்களும், அவற்றுக்கு மின்சாரம், வெந்நீர், சோறு கொடுக்கிற எங்களைப் போன்றவர்களும்தான். கோடையில் நூறு பேருக்கு மேல் இருப்போம். குளிர்காலத்தில் முப்பது நாற்பது பேர். நான் எலக்ட்ரீஷியன்.

வந்திறங்கிய அன்றே கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடச் சொன்னார்கள். சரி என்றேன். புளூடூத்தையும் அணைக்கச் சொன்னார்கள். கையில் இருந்த கடிகாரத்தைக் காட்டி, அதையும் என்றார்கள். வயர் இல்லாத மவுஸ், வயர் இல்லாத காதொலிப்பான் எல்லாம் பெட்டிக்குள் போயின. ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரை எந்த ரேடியோ அலையும் கிளம்பக் கூடாது; புளூடூத், வைஃபை எல்லாம் அதற்குள்தான் வரும். வைஃபை என்ற பேச்சுக்கே இடமில்லை.

காரணம் கேட்டால் கோபப்படவும் முடியவில்லை. ஊருக்கு வெளியே 13 மீட்டர் விட்டத்தில் இரண்டு வெள்ளை ஆன்டெனாக்கள் நிற்கின்றன. 2018இல் திறந்த புவியளவை ஆய்வகம். பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் நட்சத்திரம் போலத் தெரியும் குவாசர்கள், அதாவது தொலைதூர விண்மீன் மண்டலங்களின் பிரகாசமான மையங்கள், அனுப்பும் ரேடியோ அலைகளை அவை பிடிக்கின்றன. ஒரே குவாசரின் அலையை உலகின் வெவ்வேறு மூலைகளில் உள்ள ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில் கேட்கும். எங்கே முந்தி வந்தது, எங்கே பிந்தி வந்தது என்று அணுக்கடிகாரத்தை வைத்துக் கணக்கிட்டால், இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையிலான தூரம் மில்லிமீட்டர் சுத்தமாகக் கிடைத்துவிடும். கண்டங்கள் நகர்வதும், பனியாறு உருகிப் பாரம் குறைந்த நிலம் மெல்ல எழும்புவதும், பூமி சுழலும் வேகம் துளி மாறுவதும் இப்படித்தான் தெரியவருகின்றன. என் கைப்பேசியில் உள்ள ஜிபிஎஸ்கூட இந்தக் கணக்கை நம்பித்தான் வழி சொல்கிறது. அந்தக் கைப்பேசி இங்கே அலமாரியில் தூங்குகிறது. அவ்வளவு மெலிந்த அலைக்குப் பக்கத்தில் என் புளூடூத், தேர்வு எழுதும் அறையில் நாதஸ்வரம் வாசித்த மாதிரி.

புத்திக்கு எல்லாம் புரிகிறது. ஆனால் அம்மாவுடன் பேச மேசையில்தான் உட்கார வேண்டும். சுவரில் உள்ள துளையில் வயரைச் செருகி, மடிக்கணினியைத் திறந்து, அலுவலகத்தில் கணக்கு ஒப்பிக்கிறவனைப் போல நேராக உட்கார்ந்து பேச வேண்டும். நாங்கள் பேசும் பேச்சு அப்படிப்பட்டதல்ல. அம்மா கைப்பேசியை அஞ்சறைப் பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டுக் குழம்பைக் கிண்டுவாள். நடுவில் எழுந்து போய்க் கீரைக்காரியிடம் பேரம் பேசிவிட்டு வருவாள். நான் இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருப்பேன். பாதி நேரம் யாரும் எதுவும் பேசுவதில்லை. அந்தப் பேசாத நேரம்தான் எனக்கு வேண்டியிருக்கிறது. மேசைக்கு முன் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் தீர்ந்துவிடுகிறது.

இப்போதெல்லாம் நேரம் குறித்துக்கொண்டுதான் பேசுகிறோம். அப்பா ஷார்ஜாவில் இருந்த காலத்திலும் இப்படித்தான். வெள்ளிக்கிழமை மாலை பக்கத்து வீட்டு டெலிபோனுக்கு அழைப்பார். நாங்கள் தலை சீவி, விபூதி இட்டுக்கொண்டு, முன்னதாகவே போய் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். மணி அடித்ததும் என்ன கேட்பது என்பதே மறந்துபோகும். “நன்றாகப் படிக்கிறாயா?” “படிக்கிறேன்.” அவ்வளவுதான், அம்மா பிடுங்கிக்கொள்வாள். ரிசீவர் முழுக்க அந்த வீட்டுத் தாத்தாவின் பொடி வாசனை.

ஆனாலும் பழகிவிட்டது என்றுதான் சொல்வேன். இந்த ஊரில் எனக்குப் பிடித்தவையும் நிறைய உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், சாப்பாட்டுக் கூடமானாலும் சரி. நமக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? ஜெர்மானியர்கள் பூட்ஸ் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் நான் சாப்பிட உட்கார்ந்திருப்பேன். நிலக்கரிச் சுரங்க நாட்களில் காலில் ஒட்டிய கரியோடு வீட்டுக்குள் வரக் கூடாது என்று தொடங்கிய வழக்கமாம். கதவுகளையும் பூட்டுவதில்லை. பனிக்கரடி வந்தால் எந்த வீட்டுக்குள்ளும் ஓடிப் புகுந்துகொள்ளலாம். ஊர் எல்லையைத் தாண்டினால் துப்பாக்கி இல்லாமல் போகக் கூடாது.

சுரங்கம் என்றதும் சொல்ல வேண்டும். 1916 வாக்கில் நிலக்கரிக்காக எழுந்த ஊர் இது. 1926 மே மாதத்தில் நார்வேயின் துருவப் பயணி அமுண்ட்செனும் இத்தாலிய வான்கப்பல் வடிவமைப்பாளர் நோபிலேயும் ‘நோர்கே’ என்ற வான்கப்பலில் துருவத்தைக் கடக்கக் கிளம்பியது இங்கிருந்துதான். அதைக் கட்டிவைத்த இரும்புக் கம்பம் இன்னும் நிற்கிறது. வெளியிலிருந்து வருகிறவர்கள் அதன் முன் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கோ 1962 நவம்பர் 5ஆம் தேதிதான் பெரிதாகத் தெரிகிறது. அன்று சுரங்கம் வெடித்து 21 பேர் இறந்தார்கள். அந்த விவகாரத்தில் அடுத்த ஆண்டு நார்வே அரசே கவிழ்ந்தது. சுரங்கத்தை மறுபடி திறக்கவில்லை. ஆள் போன வீடுகளுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள்: 1967இல் செயற்கைக்கோள் தகவல் நிலையம், 1968இல் நார்வே துருவக் கழகத்தின் நிலையம், பிறகு ஒவ்வொரு நாடாக. கரி தூக்கிய சின்ன ரயில் எஞ்சின் கரையோரம் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

இந்தியாவின் ஆராய்ச்சி நிலையமான ‘ஹிமாத்ரி’ இங்கே 2008 ஜூலை 1இல் திறக்கப்பட்டது. 2023 டிசம்பரிலிருந்து குளிர்காலத்திலும் ஆட்கள் வருகிறார்கள். ஒரு முறை அங்கே வந்திருந்த ஆய்வாளர் சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்று, தட்டைப் பார்த்து, “ஊறுகாய் இருந்தால் தேவலை” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். திரும்பிப் பார்த்த என் முகத்தில் என்ன தெரிந்ததோ, “நீங்களுமா?” என்றார். அன்று இரவு உணவுக்கூடத்தில் விளக்கணைக்கும்வரை பேசினோம். ஃபியோர்டுக்குள் 192 மீட்டர் ஆழத்தில் 2014இல் நங்கூரமிட்ட இந்தியக் கருவியைப் பற்றிச் சொன்னார். இந்தக் கடல் சூடாவதற்கும் நம் பருவமழை தடுமாறுவதற்கும் உள்ள தொடர்பைத் தேடுகிறார்களாம். எனக்கு ஆழத்தைவிட மழைதான் மனதைப் பிடித்துக்கொண்டது. அப்பா சித்திரையில் மேற்கே பார்த்தபடி வரப்பில் நிற்பார். மேகம் வராது. நின்றுகொண்டே இருப்பார்.

பொங்கலைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் தலைகாட்டும். தெற்கு மலைகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழ இன்னும் தாமதமாகும். தை முதல் நாள் யாரைக் கும்பிடுவது? கிழக்கு எந்தப் பக்கம் என்று திசைகாட்டியைப் பார்த்து, இருட்டைப் பார்த்துக் கும்பிட்டேன். பாலும் பொங்கியது.

வயர் விஷயத்துக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தேன். எலக்ட்ரீஷியனாக இருந்துகொண்டு புலம்பலாமா? மேசையிலிருந்து ஜன்னல்வரை போய்த் திரும்பும் அளவுக்குக் கேபிளை வெட்டி எடுத்தேன். எட்டு இழைகளையும் பிரித்து, ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று வரிசை பார்த்து அடுக்கி, கண்ணாடி போன்ற முனைக்குள் நுழைத்து, இடுக்கியால் அழுத்தினேன். இப்போது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடக்கலாம். வயர் வாலைப் போல் பின்னாலேயே வருகிறது. கட்டில் காலில் சிக்கினால் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அம்மா குழம்பைக் கிண்டுகிறாள். நான் துணி மடிக்கிறேன்.

போன வாரம் ஜன்னலருகே கொண்டுபோய்ப் பனியாற்றைக் காட்டினேன். அம்மா பனியாற்றைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த கலைமானைப் பார்த்துவிட்டாள்.

“தம்பி, அது யார் வீட்டு மாடு? கட்டாமல் விட்டிருக்கிறார்களே.”

“யார் வீட்டு மாடும் இல்லையம்மா. காட்டு மான்.”

அவள் நம்பவில்லை. எவ்வளவு பால் கறக்கும் என்று கேட்டாள்.