பிடித்துத் திரும்ப விடும் மீனுக்கு முன்பணம்

டாலஸ் நகரின் வடக்குப் புறநகர்களில் குடியேறிய தமிழர்களிடம் வார இறுதி எப்படிப் போனது என்று கேட்டால், கோவில், கிரிக்கெட், பிள்ளைகளின் பாட்டு வகுப்பு, யாரோ ஒருவர் வீட்டுப் பிறந்தநாள் என்ற வட்டத்துக்குள்தான் பதில் வரும். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர்களோ திங்கட்கிழமை காலையில் கைப்பேசியை நீட்டி, இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்த, பாஸ் என்னும் பச்சை நிற மீன் ஒன்றைக் காட்டுவார்கள். என்ன குழம்பு வைத்தீர்கள் என்று கேட்டால், படம் எடுத்துவிட்டு ஏரியிலேயே விட்டுவிட்டோம் என்பார்கள். பணம் கொடுத்து ஆளை அமர்த்தி, விடியுமுன் கிளம்பி, மீனைப் பிடித்து, திரும்ப விட்டுவிட்டு வெறுங்கையோடு வருவதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி நம்மவர் எவருக்கும் எழும். எனக்கும் எழுந்தது. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த என் மாமனார், இளவயதில் வாய்க்கால் கரைகளில் தூண்டிலோடு திரிந்தவர், பேருந்தும் நடைபாதையும் இல்லாத எங்கள் தெருவில் ஜன்னலோரமே கதியாகிப் போனதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு விசாரிக்கத் தொடங்கினேன்.

விசாரித்த எல்லோரும் கைகாட்டிய இடம் ஒன்றுதான்: டாலஸுக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரக் கார் பயணத்தில் உள்ள ஃபோர்க் ஏரி. டெக்சஸில் ஏரி என்று பெயர் பெற்றவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஆற்றையோ ஓடையையோ மறித்துத் தேக்கியவை. இதுவும் சபைன் ஆற்றில் சேரும் ஓர் ஓடையின் குறுக்கே 1980இல் கட்டி முடித்த அணையால் உண்டானதுதான். டாலஸ் நகரின் குடிநீருக்கும் இது ஓர் ஆதாரம் என்பதால், அதுவரை போயே இராத ஏரியின் தண்ணீரை நாங்கள் ஒருவேளை குழாயில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்திருக்கலாம். சுமார் 27,000 ஏக்கர் பரப்பில் தண்ணீர் நிறையுமுன் அங்கே நின்ற மரங்களில் கணிசமானவற்றை வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்டார்கள். பெரிதாக வளரக்கூடிய ஃபுளோரிடா வகை பாஸ் மீன்களையும் ஏரி நிரம்புவதற்கு முன்பே விடத் தொடங்கினார்கள். ஒளிந்து நின்று இரை பிடிக்கும் மீனுக்கு மூழ்கிய காட்டைவிட நல்ல வீடு ஏது? 1992 ஜனவரியில் இங்கே பிடிபட்ட 18.18 பவுண்டு, அதாவது எட்டேகால் கிலோ எடையுள்ள மீன்தான் இவ்வகையில் மாநிலச் சாதனை.

லார்ஜ்மவுத் பாஸ் என்னும் இந்த மீனைக் கண்டுகொள்வது எளிது. வாயை மூடியிருக்கும்போது மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். விலாவில் செவுளிலிருந்து வால்வரை கருத்த பட்டை ஒன்று ஓடும். மாமனாருக்கு இதை நான் விளக்கியது விராலை வைத்துத்தான். விராலைப் போலவே இதுவும் களைக்குள்ளும் கட்டைக்கடியிலும் பதுங்கியிருந்து பாய்வது. முட்டையையும் குஞ்சையும் காவல் காப்பது. இளவேனிலில் தண்ணீர் சூடேறத் தொடங்கியதும் ஆழம் குறைந்த கரையோரத்தில் ஆண் மீன் வாலால் தரையைத் துடைத்துக் கூடு அமைத்து, பெண் மீன் முட்டையிட்டுப் போன பிறகும் அங்கேயே நின்று அண்டும் எதையும் விரட்டும். உயிருள்ள விராலை இந்த நாட்டுக்குள் கொண்டுவருவதே சட்டப்படி குற்றம் என்று சொன்னதும் மாமனாருக்கு வந்த கோபம் ஒரு வாரம் அடங்கவில்லை என்பது தனிக்கதை.

கரையில் நின்று நாமே வீசிப் பார்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சிறிய குளமானால் சரி. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில், நீருக்கு மேல் தலை நீட்டிய மரங்களுக்கும் நீருக்கடியில் மறைந்த மரங்களுக்கும் நடுவே, சுத்தம் செய்து அடையாளமிட்ட படகுப் பாதைகள் எவை, காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்த ஓடைமுகத்துக்குப் போவது என்பதெல்லாம் அங்கேயே பிழைப்பவருக்குத்தான் தெரியும். படகு, தூண்டில் கோல், நரம்பைச் சுற்றும் ரீல், இரை ஆகியவற்றை வாங்கிச் சேர்ப்பதோடு ஒப்பிட்டால் வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலி அற்பம். இந்த மாநிலத்தில் கூலி வாங்கிக்கொண்டு மீன்பிடிக்க அழைத்துச் செல்பவர் அதற்கென்றே தனி உரிமம் வைத்திருக்க வேண்டும். அதை அவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. எங்களுக்கு வாய்த்தவர், தொலைபேசியில் அழைத்தபோது நான் கேட்குமுன் தாமே சொல்லிவிட்டார்.

உண்மையில் முன்பதிவு என்பது அந்தத் தொலைபேசிப் பேச்சுதான். பணம் கட்டுவது பிறகு நடக்கும் சடங்கு. நான் கேட்கத் தயாராக வைத்திருந்தவற்றைவிட அவர் என்னைக் கேட்டவை அதிகம். எத்தனை பேர், வயது என்ன, படகில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்குமா, சுழல் ரீலைக் கையாண்டதுண்டா, ஒரே ஒரு பெரிய மீனுக்காக நாளெல்லாம் காத்திருக்கும் மனமா அல்லது சிறியதாயினும் அடிக்கடி இழுபட வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டார். இந்தக் கடைசிக் கேள்விக்கு நம்மவர்கள் பெரும்பாலும் “உங்கள் விருப்பம்” என்று பணிவாகச் சொல்லிவிடுவோம். அது இங்கே பணிவாக எடுபடாது. எதிரில் இருப்பவருக்கு அது வெறும் குழப்பம்தான். மாமனாருக்கு எழுபதைத் தாண்டிய வயது, கோலைக் கையில் பிடித்தவர் என்றாலும் ரீலைத் தொட்டதில்லை, அடிக்கடி இழுபட்டால் போதும் என்று நான் சொன்னதை வைத்தே அவர் நாளையும் நேரத்தையும் முடிவு செய்தார். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் முட்டை நிறைந்த பெரிய பெண் மீன்களைத் தேடி வருபவர்களுக்கு; அப்போது குளிர்காற்று முகத்தில் அறையும், நாள்களும் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். முதன்முறை போகிறவருக்கு மே மாதத்து வார நாள் ஒன்றில் அரைநாள் போதும் என்றார். அவருக்கு வருமானம் குறைகிற யோசனை அது.

என் பங்குக்கு நான் கேட்டவற்றில் பயன்பட்டவை சில. கட்டணம் தலைக்கு இல்லை, படகுக்கு. இரண்டு பேர் வரை அதே தொகை, மூன்றாமவருக்குத் தனி. எங்கள் அரைநாளுக்கு 400 டாலர், அதில் கால்பங்கு முன்பணம். கோலும் இரையும் அவருடையவை; உணவும் மீன்பிடி உரிமமும் எங்கள் பொறுப்பு. மின்னல் இருந்தாலோ காற்று மிஞ்சினாலோ நாளை மாற்றிக்கொள்ளலாம், முன்பணம் போகாது. நாமாகக் கடைசி நேரத்தில் பின்வாங்கினால் போய்விடும். இவற்றோடு, கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் விட்டுவிடும் ஒன்றையும் கேட்டேன்: படகில் கழிவறை உண்டா? கிடையாது. தாழ்வான, திறந்த, வேகத்துக்காகவே செய்த படகு அது. பெரியவர் வருகிறார் என்று தெரிந்ததும், படகுத்துறையை விட்டு அதிக தூரம் போகாமல் இடையில் ஒருமுறை கரைக்கு வந்து போகும்படி அவர் திட்டத்தை மாற்றிக்கொண்டார். போகும் நேரமெல்லாம் தவிப்போடு உட்கார்ந்திருக்க நேர்வதைவிட அரை நிமிடக் கூச்சம் மேல்.

உரிமம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டெக்சஸில் 17 வயது நிரம்பிய எவரும் உரிமமின்றித் தூண்டில் போடக்கூடாது. வழிகாட்டியின் உரிமம் நமக்குச் செல்லாது. முதியவர்களுக்கு விலக்கு உண்டு என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாமனாருக்குத் தேவையில்லை என்று இருந்துவிட முடியாது, ஏனெனில் அந்த விலக்கு 1931க்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டுமே. மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்தவர் குடியிருப்பாளர் என்ற கணக்கில் வருவதால், எனக்கு ஒருநாள் உரிமம் 11 டாலருக்கும், விருந்தாளியாக வந்த அவருக்கு 16 டாலருக்கும் கிடைத்தது. ஆண்டு உரிமம் வாங்க நினைப்பவர்கள், அது வழக்கமாக ஆகஸ்ட் 31உடன் முடிந்துவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஜூலையில் வாங்கினால் சில வாரங்களே மிஞ்சும். தம் பெயர் அச்சிட்ட அந்தத் தாளை மாமனார் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வந்த நாளிலிருந்து இந்த நாட்டில் அவர் பெயருக்கென்று கிடைத்த அனுமதி அது ஒன்றுதான் என்பதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்த பிறகும் அதை எறியவிடவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய இரவு வழிகாட்டியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. தொப்பி, வெயில் கண்ணாடி, தரையில் கறை பதிக்காத அடிப்பாகமுள்ள காலணி, தண்ணீர் என்று பட்டியலிட்டுவிட்டு, வாழைப்பழம் மட்டும் வேண்டாம் என்று முடித்திருந்தார். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் படாது என்பது அமெரிக்கத் தூண்டில்காரர்களிடம் பரவலாக உள்ள நம்பிக்கை. வாழைப்பழம் இல்லாமல் எந்த நல்ல காரியமும் தொடங்காத மாமனாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சகுனம் உண்டு, அந்த ஊரில் இருக்கும்போது அதன்படி நடக்க வேண்டியதுதான் என்று சொல்லிப் பழத்தை எடுத்து வெளியே வைத்தார். புளியோதரைக்குத் தடை இல்லை.

காலை ஆறரைக்குப் படகு நீரில் இறங்கியது. உயிர்காப்பு அங்கியை மாட்டிய பின்பே இன்ஜின் உயிர்பெற்றது. ஓட்டுபவர் தம் அங்கியிலிருந்து ஒரு சுருள் கயிற்றை விசைக்கருகே மாட்டினார். அவர் தவறி நீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் தானே நின்றுவிடும். 2021 முதல் இவ்வகைப் படகுகளுக்கு இது கூட்டாட்சிச் சட்டம். மரங்கள் நெருங்கிய இடத்துக்கு வந்ததும் பெரிய இன்ஜினை அணைத்து, முன்பக்கத்து மின்மோட்டாரை இறக்கினார். காலால் மிதித்து இயக்கும் அந்தச் சிறு மோட்டார், நங்கூரமே இல்லாமல் படகை ஒரே இடத்தில் நிறுத்திவைத்தது. நீருக்கடியில் இருப்பதை ஒலி அலையால் காட்டும் சோனார் திரையில் மூழ்கிய கிளைகளும், அவற்றையொட்டிச் சில வெளிர் புள்ளிகளும் தெரிந்தன.

அவர் கட்டிக்கொடுத்த இரை டெக்சஸின் பெயரையே கொண்டது: துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயம் ஒன்று நரம்பில் கோத்திருக்க, அதன் கீழே முள்ளில் கருநீல ரப்பர் புழு. முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிடுவதால் கிளைகளின் மீது ஊர்ந்து வந்தாலும் சிக்குவதில்லை. மீன் கவ்வி, நாம் சுண்டும்போதுதான் நுனி ரப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மாமனார் இதை விரல்களுக்கிடையே உருட்டி உருட்டிப் பார்த்தார். தக்கை இல்லாமல் மீன் கடிப்பதை எப்படி அறிவது என்பது அவருடைய முதல் கேள்வி. நரம்பில் சுட்டுவிரலை வைத்திருங்கள், கதவைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டு தெரியும் என்று வழிகாட்டி சொன்னதை நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவர் தலையசைத்துவிட்டார்.

வீசுவதற்குப் பழக நேரம் பிடித்தது. இரண்டொரு புழுக்கள் மரக்கிளைகளுக்குக் காணிக்கையாயின. வெயில் ஏறத் தொடங்கிய பிறகு, சாய்ந்த ஒரு மரத்தினடியில் அவருடைய நரம்பு திடீரென்று பக்கவாட்டில் நகர்ந்தது. ரீலை மறந்து, ஊர்ப் பழக்கத்தில் கோலையே தூக்கிப் பின்னால் சாய்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது. மீன் நீரைக் கிழித்து மேலே எழும்பி, வாயை அகலத் திறந்து தலையை உதறிற்று. படகோரம் வந்ததும் வழிகாட்டி கட்டைவிரலைக் கீழ்த்தாடைக்குள் விட்டுத் தூக்கினார். உப்புத்தாள்போல் சொரசொரக்கும் பொடிப் பற்கள் என்பதால் விரல் வெட்டுப்படாது. ஆனால் தாடையால் மட்டும் தொங்கவிடாமல், நனைத்த மற்றொரு கையால் வயிற்றைத் தாங்க வேண்டும். அளவுப் பலகையில் வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து வைத்தார்: 19 அங்குலம்.

இந்த ஏரிக்கென்றே ஒரு விதி உண்டு. 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸ் மீன்களை வைத்துக்கொள்ளக் கூடாது. 16க்குக் கீழே இருந்தால் எடுக்கலாம், 24க்கு மேலே ஒரு நாளுக்கு ஒன்று எடுக்கலாம். எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு ஐந்துதான். வளரும் பருவத்து மீனைக் காப்பாற்றினால்தான் பெரிய மீன் உருவாகும் என்பது இதன் கணக்கு. சிறியது சட்டத்துக்குள் அடங்கினாலும் பல வழிகாட்டிகள் பாஸ் எதையும் எடுக்க விரும்புவதில்லை, ஆகவே சமைக்கும் எண்ணம் இருந்தால் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். 13 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள மீன் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் அகப்பட்டால், ஏதென்ஸ் என்ற ஊரிலுள்ள மாநில மீன்வள மையத்துக்கு இனப்பெருக்கத்துக்காகக் கடன் கொடுக்கலாம். 1986இல் இதே ஏரியில் கிடைத்த 17.67 பவுண்டு மீனோடு தொடங்கிய திட்டம் அது.

“இவ்ளோ நல்ல மீனு, மாப்பிள்ளை” என்று மட்டும் சொன்னார் மாமனார். பிறகு தாமே குனிந்து அதை நீருக்குள் இறக்கி, அது வாலை அடித்துப் போகும்வரை பிடித்திருந்தார். அன்று நாங்கள் பிடித்தவற்றில் அதைவிடப் பெரியது வேறில்லை, சிறியவற்றையும் விட்டுவிட்டோம்.

கரை சேர்ந்ததும் மீதிக் கட்டணத்தோடு அன்பளிப்பையும் கொடுத்தேன். உணவகத்தைப் போலவே 15 முதல் 20 விழுக்காடு இங்கே வழக்கம், பணமாகக் கொடுப்பதையே விரும்புகிறார்கள். வழிகாட்டி படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, இந்த ஏரியில் கெளுத்தி உண்டா, அதையும் விட்டுவிடத்தான் வேண்டுமா என்று கேட்கச் சொன்னார் மாமனார். உண்டு, தாராளமாக எடுத்துப் போகலாம், ஆனால் அது தம் வேலை அல்ல என்று சொல்லி, கெளுத்திக்கு மட்டும் அழைத்துச் செல்லும் மற்றொருவரின் எண்ணைக் கொடுத்தார் அவர். மாமனாரின் விசா முடியுமுன் ஜூன் மாதத்தில் ஒரு நாளைக் கேட்டு அந்த மனிதருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். எத்தனை பேர், வயது என்ன, சமைப்பதற்கா என்று பதில் வந்திருக்கிறது.