இரண்டு படகுகளுக்கு இடையில் ஒரு தீவைப் பார்க்க முடியாது

ஓகஸ்ட் 3, 2025, ஞாயிறு – வெள்ளவத்தை

வருகிற வெள்ளி போயா, அதாவது முழுநிலவு நாள் விடுமுறை. மகளுக்கும் வியாழனோடு தவணை முடிகிறது. எங்கள் தொடர்மாடியில் பாதிக் குடும்பங்கள் நுவரெலியாவிலும் எல்லவிலும் அறை பதிந்துவிட்டன. மலைநாடு எனக்கும் பிடித்த இடம்தான். ஆனால் நீண்ட விடுமுறை என்றால் கொழும்பே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறிவிடுகிறது. காலி வீதி நெரிசலை விட்டுத் தப்பிப் போய், ஒன்பது வளைவுப் பாலத்தில் அதே நெரிசலில் நிற்க எனக்கு மனமில்லை.

அலுவலகத் தோழியின் பெரியம்மா, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் கனடாவில். "இரண்டு அறை சும்மா கிடக்கிறது, போய் இருந்துவிட்டு வா" என்று தோழி பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்று தொலைபேசியில் பேசினேன். பெரியம்மா கேட்டது ஒரே கேள்வி: "நின்று போவீர்களா, அன்றைக்கே திரும்பிவிடுவீர்களா?" நிற்போம் என்றதும் குரலில் ஒரு மகிழ்ச்சி.

அம்மாவுக்குத்தான் திருப்தி இல்லை. "ஆடி மாதத்தில் தண்ணீர் வற்றிய ஊருக்கு ஏன் போகிறீர்கள்?" என்கிறார். வீட்டில் வேறு யாருக்கும் விடுப்புக் கிடைக்கவில்லை; நானும் மகளும் மட்டும் போகிறோம்.

ஓகஸ்ட் 7, வியாழன் – இரவு பஸ்

இருக்கை ஒன்றுகூட வெறுமையாக இல்லை. நல்லூர்த் திருவிழாக் காலம், போயா விடுமுறை, பாடசாலை விடுமுறை எல்லாம் ஒரே கிழமையில். புத்தளம் தாண்டியதும் மகள் தூங்கிவிட்டாள்.

ஓகஸ்ட் 8, வெள்ளி – நெடுந்தீவு

யாழ்ப்பாணத்தில் விடிந்தது. குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறினோம். பண்ணைப் பாலம், வேலணை, பிறகு வாணர் பாலம், அப்பால் புங்குடுதீவு. பாதையின் இரு பக்கமும் கடல் ஆழமில்லாமல் கிடந்தது. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் முற்றத்தில் ஆடுகள் படுத்திருந்தன.

இறங்குதுறையில் இரண்டு வரிசை. நயினாதீவுக்கானது வீதி வரை நீண்டிருந்தது. போயா என்பதால் நாகவிகாரைக்குப் போகும் சிங்களக் குடும்பங்களும், நாகபூசணி அம்மனிடம் போகும் தமிழ்க் குடும்பங்களும் ஒரே வெயிலில் ஒன்றாக நின்றார்கள். நெடுந்தீவு வரிசை சிறியது. ஆட்களைவிடச் சாமான்கள் அதிகம்: சீமெந்து மூட்டைகள், எரிவாயு சிலிண்டர்கள், முட்டைத் தட்டுகள், கோழிக்குஞ்சுகள் கீச்சிடும் அட்டைப்பெட்டி ஒன்று. தீவின் அடுப்பும் கூரையும் இந்தப் படகை நம்பித்தான் இருக்கின்றன.

நயினாதீவைக் கடந்ததும் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தன் வேலையைக் காட்டியது. கீழ்த்தட்டில் பலகை இருக்கையில் டீசல் மணத்தோடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆட்டம். பக்கத்தில் இருந்த ஐயா ஒரு தேசிக்காயை எடுத்து மகளின் கையில் வைத்து, "மணந்துகொண்டு தூரத்தைப் பார், பிள்ளை" என்றார். வயிறு அடங்கியது.

மாவிலித்துறையில் இறங்கியவுடன் வண்டிகள் சூழ்ந்துகொண்டன. எங்களோடு வந்த சுற்றுலாக்காரர்கள் ஏறிப் பறந்தார்கள். ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம், வளரும் கல், குதிரை – இவை எல்லாவற்றையும் பிற்பகல் படகுக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் வண்டியை அணைக்காமலே நிறுத்திப் படமெடுத்தார்கள். சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்பும் நூற்றாண்டுகளின் வரலாறும் உள்ள ஊரை இப்படி விழுங்கிவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெரியம்மாவை மகள் உடனே "ஆச்சி" ஆக்கிவிட்டாள். ஆச்சி முதலில் காட்டியது குளியலறையை. மூடிபோட்ட வாளிகள் இரண்டு, அருகில் கோப்பை. "இது குளிக்க, இது மற்றதற்கு. குடிக்கிற தண்ணீர் குடத்தில் இருக்கிறது." இதைச் சொல்வதில் அவருக்குக் கூச்சமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஊரின் சட்டம் அது. தீவில் பல கிணறுகள் உவர். நல்ல தண்ணீர்க் கிணறு சில பக்கங்களில்தான். கோடையில் அவையும் இறங்கிவிடுகின்றன.

பிற்பகல் கடைசிச் சுற்றுலாப் படகு போனபின் படலையில் நின்று பார்த்தேன். வீதியில் மெல்ல மெல்ல ஊர்க்காரர்கள் தெரியத் தொடங்கினார்கள். கடை வாசலில் இருவர் வந்து குந்தினார்கள். மாடுகள் தாமாகவே வீடு திரும்பின. சைக்கிளில் போன ஒரு பெண், சைக்கிளை நிறுத்தி, யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று விசாரித்தார். காலையில் இந்த ஊரில் யாரும் எங்களிடம் எதையும் விசாரிக்கவில்லை. அவ்வளவு பேர் வந்து போகையில் யாரை என்று விசாரிப்பது?

ஓகஸ்ட் 9, சனி – நெடுந்தீவு

மகள் காலையிலேயே கல்வேலியில் ஒட்டிக்கொண்டுவிட்டாள். இங்கே வேலி என்றால் பவளக்கல். சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை. கல்லுக்கு மேல் கல்லை, ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் பொருந்துமாறு அடுக்கி இடுப்பளவுக்கு எழுப்பியிருக்கிறார்கள். இடைவெளிகளால் காற்றுப் புகுந்து போவதால் சோளகம் எவ்வளவு வீசினாலும் வேலி சாய்வதில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் வரிகள்: சிலவற்றில் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள், சிலவற்றில் நெளிந்து நெளிந்து ஓடும் பள்ளங்கள். எல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்தவை. மகள் விரலால் ஒரு பள்ளத்தைப் பின்தொடர்ந்து கல்லின் மறுபக்கம் வரை போய்விட்டாள். விழுந்த கல்லை எடுத்துத் திரும்ப வைக்கும் முறையை ஆச்சி காட்டினார். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது உட்காரும் பக்கத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் கையை விட வேண்டும்.

வெயில் ஏறுவதற்கு முன் முச்சக்கர வண்டியில் தெற்குப் பக்கம் போனோம். புல் காய்ந்து மண்ணிறமாகிவிட்டது. இந்த மட்டக்குதிரைகளின் முன்னோரைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பைக் கவனித்தார். பழைய குதிரை லாயத்தின் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஆட்சிகள் போனபின் குதிரைகள் தாமே பெருகிக் காட்டுக்குதிரைகளாகிவிட்டன. அவை திரியும் பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வறண்ட ஆண்டுகளில் தண்ணீர் இல்லாமல் அவை செத்து விழுந்ததுண்டு.

ஒரு குட்டையருகே பொறுமையாக இருந்தோம். முதலில் மாடுகள் குடித்தன. அவை விலகும் வரை ஒரு பழுப்பு நிறப் பெண்குதிரை குட்டியோடு தள்ளி நின்றது. பிறகு வந்து, சேற்றில் முன்னங்கால் புதைய, கழுத்தை நீட்டிக் குடித்தது. விலாவெலும்புகளை எண்ணலாம். குட்டிக்குத் தண்ணீர் எட்டவில்லை. தாயின் குளம்பு பதிந்த பள்ளத்தில் ஊறிய நீரை நக்கியது. அந்த நேரத்தில் ஒரு வண்டி புல்வெளிக்குள் நேராக வந்தது. குதிரை ஓடினால்தான் படம் நன்றாக வருமாம். ஓர் இளைஞர் கைதட்டி விரட்டினார். குட்டி பாதித் தாகத்தோடு ஓடியது. எனக்கு வந்த கோபத்தில் போய்ச் சொல்லிவிட்டேன்: "தம்பி, அது தண்ணீர் குடிக்கத்தான் வந்தது. அடுத்த குட்டை எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியுமா?" அவர் கமராவைத் தாழ்த்திவிட்டு வண்டியைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார். நாங்கள் போகும் வரை குதிரைகள் திரும்பவில்லை.

பிற்பகல் முழுவதும் பனங்காய்ப் பணியாரம். இதை எழுதாமல் விட மாட்டேன். பழங்களை ஆச்சி முன்தினமே பொறுக்கி வைத்திருந்தார். இரவில் பனம்பழம் விழும் சத்தம் எனக்கே கேட்டது. நெருப்பில் வாட்டித் தோலை உரித்ததும் வீடு முழுவதும் அந்த வாசனை. பிறகு கொட்டையைச் சுற்றியிருக்கும் தும்பிலிருந்து களியைப் பிழிந்தெடுக்க வேண்டும். மகளின் கை மணிக்கட்டு வரை செம்மஞ்சளாகிவிட்டது. அதைத் துணியில் வடித்து, சீனி போட்டு, சிறுதீயில் கிண்டிக் கிண்டிக் காறலைப் போக்கினார் ஆச்சி. "இதில் அவசரப்பட்டால் பணியாரம் கசக்கும்." ஆறிய பிறகு கோதுமை மாவும் உப்பும் சேர்த்துக் குழைத்து, விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளிக் கொதிக்கும் எண்ணெயில் போட்டார். வெளிப்புறம் கருஞ்சிவப்பாகி வெடிப்பு விட்டதும் அரித்தெடுத்தார். சுடச்சுட ஒன்று கொடுத்துவிட்டு, மீதியை மூடிவைத்தார். மறுநாள்தான் அதற்குச் சுவை ஏறும் என்றார். கொட்டைகளையும் எறியவில்லை. கிழங்குப் பாத்திக்குப் போகின்றன. மார்கழியில் கிழங்கு, அதைக் காயவைத்தால் ஒடியல். ஒரு மரம் ஒரு வீட்டை ஆண்டு முழுவதும் தாங்குகிறது.

ஓகஸ்ட் 10, ஞாயிறு – நெடுந்தீவு

விடிவதற்கு முன் ஆச்சி எழுப்பினார். மேற்கே முழுநிலவு இறங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே பனைகளுக்கு மேல் இரண்டு வெள்ளிகள் அருகருகே. ஒன்று உண்மையான வெள்ளி, மற்றது வியாழன். இந்தக் கிழமை இரண்டும் நெருங்கி வருகின்றன. வெள்ளவத்தையிலும் இதே வானம்தான், ஆனால் எங்கள் பல்கணியில் கிழக்கே தெரிவது எதிர் மாடியின் சுவர்.

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஓர் அண்ணையோடு பேசினோம். கொழும்பு என்றதும் மீன் விலை கேட்டார். எங்கள் சந்தை விலையைச் சொன்னேன். அவருக்குக் கிடைப்பதைச் சொன்னார். நான் அதற்குமேல் பேசவில்லை. அவருக்குப் பெரிய கவலை தமிழ்நாட்டு இழுவைப் படகுகள். இருட்டில் வந்து அடிமடியோடு அள்ளிக்கொண்டு போகும்போது இவர்களின் வலைகளும் அறுந்துபோகின்றன. "அந்தப் பக்கமும் நம் ஆட்கள்தான் என்பதால் யாரிடம் சண்டை பிடிப்பது?" என்றார். வலையின் அறுந்த பக்கம் அவர் மடிமீது கிடந்தது.

அமைதியான கிராமம் என்று விளம்பரங்கள் எழுதுகின்றன. அந்த அமைதியில் ஒரு பகுதி, பிள்ளைகள் ஊரை விட்டுப் போனதால் வந்தது. போரும் வேலையும் தண்ணீரும் சேர்ந்து வீடு வீடாக வெறுமையாக்கியிருக்கின்றன. மீதி அமைதி காற்றும் வெளியும் தருவது. அது உண்மையானது, நான் இங்கே ஆழ்ந்து தூங்குகிறேன். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றுதான் இங்கே நிற்க விரும்பினேன்.

பெருக்குமரத்தை அந்தியில் பார்த்தோம், ஆட்கள் யாரும் இல்லாமல். ஆபிரிக்க மரம், அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. அடிமரத்துப் பொந்துக்குள் மகள் நின்று உள்ளிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

ஓகஸ்ட் 11, திங்கள் – படகில்

காலைப் படகு ஊர்க்காரர்களின் படகு. மாவட்டச் செயலகமான கச்சேரிக்குக் காணிப் பத்திரத்தோடு போகிறவர், கிளினிக்குக்குப் போகும் நிறைமாதப் பெண், நகரத்தில் தங்கிப் படிக்கும் மாணவர்கள். தீவில் வைத்தியசாலை உண்டு. கடும் நோய் என்றால் கடல் கடக்க வேண்டும். இரவில் என்றால் கடற்படைப் படகைக் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஓர் ஓரத்தில் இடம் கிடைக்கவே இரண்டு பேர் எழும்ப வேண்டியிருந்தது. காரணம், விடுமுறை முடிந்து திரும்பும் எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள் இருக்கைகளை நிரப்பியிருந்தோம். மகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

துறையில் குமுதினிப் படகில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15ஆம் திகதி, இதே பாதையில் வந்த பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆச்சியின் உறவினர் ஒருவரும் அதில். அவர் அதைப் பற்றி நேற்றிரவுதான் வாய் திறந்தார், அதுவும் மகள் தூங்கிய பிறகு.

காசு கொடுக்க முயன்றேன், கையைத் தட்டிவிட்டார். ஒடியலும், பனங்களியைக் காயவைத்துச் செய்யும் பனாட்டும் பக்கத்து வீடுகளில் வாங்கிக்கொண்டேன். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. எந்த வீட்டில் வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஓகஸ்ட் 14, வியாழன் – வெள்ளவத்தை

அலுவலகத்தில் பணியாரம் ஒரு நொடியில் தீர்ந்தது. போக விரும்புகிற மூவர் கேட்கிறார்கள், ஒரே நாளில் முடிக்கலாமா என்று. முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் நயினாதீவுக்குப் போங்கள், நெடுந்தீவை இன்னொரு முறைக்கு வையுங்கள்.

நிற்கப் போகிறவர்களுக்கு: நீண்ட விடுமுறையைத் தவிர்த்து வாரநாளில் போங்கள், ஊர்க்காரருக்குப் படகில் இடம் கிடைக்கும். மாசி, பங்குனியில் போனால் மழை முடிந்து புல் பச்சையாக இருக்கும், குதிரைகளும் தேறியிருக்கும். கச்சதீவு அந்தோனியார் திருவிழா நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக் போத்தல்களையும் பொலித்தீன் பைகளையும் திருப்பிக் கொண்டுவாருங்கள், தீவில் போட இடமில்லை. குளிக்க ஒரு வாளி போதும். சாப்பாட்டை அங்கேயே சமைக்கச் சொல்லி அங்கேயே காசைக் கொடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு விருந்தினரை வைத்திருக்கும் வீடுகளும் உண்டு, ஆச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன். இன்று காலையும் பேசினேன். கிணறு இன்னும் இரண்டு முழம் இறங்கிவிட்டதாம். ஐப்பசி மழை வரும் வரை யாரையும் அனுப்ப வேண்டாம் என்றார்.