வாங்கப்போகும் வீட்டிலேயே வாடகைக்கு இருந்தோம்

வீட்டுக்கு விலை பேசி, ஒப்பந்தம் போட்டு, முன்பணமும் கொடுத்தாயிற்று. பத்திரப்பதிவு மட்டும் தள்ளிக்கொண்டே போனது. விற்பவர் அந்த வீட்டின் மேல் வாங்கியிருந்த கடனைக் கட்டி முடித்தும், வங்கியிலிருந்து அசல் பத்திரம் அவர் கைக்கு வரவில்லை. எங்களுக்கோ இருந்த வீட்டைக் காலி செய்யும் கெடு நெருங்கிவிட்டது. "பூட்டிக் கிடக்கிற வீடுதானே, இப்பவே வந்து வாடகைக்கு இருங்க" என்றார் அவரே.

வழக்கறிஞரிடம் சொன்னதும், வாடகைக்குத் தனி ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்றார். விற்பவருக்கு இது பிடிக்கவில்லை. "நாளைக்கு உங்க வீடு, இதுக்கு எதுக்கு சார் பேப்பர்?" என்று கேட்டார். "நாளைக்குத்தான் அவங்க வீடு, இன்னைக்கு உங்க வீடு. அதுக்குத்தான்" என்றார் வழக்கறிஞர். அதற்கப்புறம் பேச்சில்லை.

கிரய ஒப்பந்தம் வேறு, வாடகை ஒப்பந்தம் வேறு. மாத வாடகை வீட்டின் விலையில் கழியாது என்று தெளிவாக எழுதினோம். கழியும் என்று நினைத்துக்கொண்டு கடைசியில் சண்டை போடுகிறவர்கள்தான் அதிகமாம். வாடகைக்கான வைப்புத்தொகையும் வீட்டுக்கான முன்பணமும் ஒன்றோடொன்று கலக்காது. எந்தக் காரணத்தால் கிரயம் நின்றுபோனாலும் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்பதையும் எழுதினோம். நல்ல காரியம் நடக்கும்போது இதைப் பேசச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் உறவு கெட்ட பிறகு பேசவே முடியாதே.

எனக்குத் தோன்றவே தோன்றாத ஒரு வரியை வழக்கறிஞர் சேர்த்தார்: குடியிருப்பதாலேயே வீட்டின் நிலையையோ பத்திரங்களையோ நாங்கள் ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது. உள்ளே வந்து வாழ ஆரம்பித்தவர் அப்புறம் குறை சொன்னால், "பார்த்துத்தானே குடிவந்தீர்கள்" என்று எதிர்த்தரப்பு கேட்க இடமுண்டு என்பது அவர் விளக்கம். அதற்குப் பலன் முதல் மழையிலேயே தெரிந்தது. குளியலறைக் கூரையின் மூலையில் ஈரம் பரவி, காலையில் சொட்ட ஆரம்பித்தது. வீடு பார்க்க வந்தபோதெல்லாம் வெயில். புதுப் பெயின்ட் வேறு. படம் எடுத்து விற்பவருக்கு அனுப்பினேன். முனகிக்கொண்டேதான் என்றாலும், மேல்தளத்தில் நீர்க்கசிவைச் சரிசெய்து கொடுத்தார்.

குடிபோகும் அன்று இருவருமாக அறை அறையாக நடந்து, விரிசல், உடைந்த தாழ்ப்பாள், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டோம். கட்டடக் காப்பீடு அவருடையது. வீட்டில் ஆள் மாறியதை அவர் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொன்னார். எங்கள் சாமான்களுக்கு நாங்களே தனியாக எடுத்துக்கொண்டோம்.

மனைவிக்கு அடுப்படி மேடையை இடித்து மாற்ற வேண்டும் என்று வந்த நாள் முதல் கை பரபரத்தது. பதிவு முடியும் வரை ஆணிகூட அடிக்க வேண்டாம் என்று தடுத்தேன். கிரயம் நின்றால் அந்தச் செலவை யாரிடம் கேட்பது? வீடு இன்னொருவருடையது என்ற நினைப்போடு சொந்த வீட்டில் இருப்பது விநோதமான வாழ்க்கைதான்.

உண்மையான தொல்லை வேறு ஒன்று: அவசரம் என்பதே இரு பக்கமும் போய்விட்டது. அவருக்கு மாதாமாதம் வாடகை வருகிறது, எங்களுக்குத் தலைக்கு மேல் கூரை இருக்கிறது. வங்கியை யார் விரட்டுவது? நல்லவேளையாக ஒப்பந்தத்தில் ஒரு கெடு தேதி இருந்தது. அதைத் தாண்டினால் வாடகை பாதியாகும். கெடு நெருங்க நெருங்க அவர் வங்கிக்கு நடையாய் நடக்க ஆரம்பித்தார்.

பதிவு மாத நடுவில் நடந்தது. அன்றே வாடகை ஒப்பந்தம் முடிந்தது என்று தனியாக எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். மீதி நாட்களுக்கான வாடகையையும் வைப்புத்தொகையையும் அவர் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரமே மேடையை இடிக்க ஆள் வந்தாயிற்று.