கிரீஸ் கன் நம்ம கையிலயே இருக்கட்டும்

நாமக்கல்ல லாரி பட்டறைக்குப் பஞ்சமே இல்ல, ஆனாலும் கிரீஸ் அடிக்கிறது, பிரேக்குக்குக் காத்து சேத்து வைக்கிற ஏர் டேங்க்ல தண்ணி எறக்குறது இதெல்லாம் நான் யார்கிட்டயும் விடுறதில்ல. கம்ப்ரஸர் காத்தை அழுத்தும்போது அதுல இருக்க ஈரம் டேங்க்ல தண்ணியா தங்கிடும், அப்படியே விட்டா வால்வு துரு புடிச்சு பிரேக்குக்கே வேட்டு. எறக்கும்போது வெறும் தண்ணி வந்தா சரி, எண்ணெய் நெறைய கலந்து வந்தா கம்ப்ரஸரைப் பாக்கணும். கிங்பின்னுக்கு, அதாவது முன் வீல் திரும்புறதுக்கு அச்சா இருக்க பின்னுக்கு, கிரீஸ் அடிக்கிறப்போ பாத்துக்கங்க: பின் வீலுக்குக் கட்டை வச்சு முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிட்டு அடிங்க, இல்லேன்னா வெயிட் அழுத்துற பக்கம் கிரீஸ் சரியா போகாது, பழைய கருப்பு கிரீஸ் பிதுங்கி வந்து புதுசு எட்டிப் பாக்குற வரைக்கும் விடக்கூடாது. நிப்பிளை, அதான் கிரீஸ் உள்ள போற முனையை, தொடைக்காம கன்னை மாட்டுனா மண்ணும் சேர்ந்து உள்ள போயிடும். ஸ்பிரிங் பிரேக் சேம்பரை, அதான் பார்க்கிங் பிரேக்கைப் புடிக்கிற ஸ்பிரிங் இருக்க டப்பாவை, மட்டும் பிரிச்சுடாதீங்கப்பா, உள்ள இருக்க ஸ்பிரிங் தெறிச்சா ஆளையே காலி பண்ணிடும்.