கேள்வி கேட்காத நிறுவல்

மலேசியாவில் மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) முறை 2024 ஆகஸ்ட் 1 அன்று, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களில் தொடங்கிக் கட்டங்கட்டமாகச் சிறிய நிறுவனங்களுக்கும் வந்து சேர்ந்தது. அதன்பின் ஜார்ஜ்டவுனில் நான் பராமரிக்கும் கணக்கு அலுவலகங்களில் மென்பொருள் புதுப்பிக்கும் வேலை பல மடங்கு கூடிவிட்டது. மேசை மேசையாகப் போய், வேலையில் இருப்பவரை எழுப்பிவிட்டு, ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘ஃபினிஷ்’ என்று அழுத்திக்கொண்டிருப்பது இனி நடக்காத காரியம். எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில், யாரையும் எதுவும் கேட்காமல் மென்பொருளை ஏற்றும் சைலன்ட் இன்ஸ்டால் முறைதான் இதற்கு வழி.

இந்த முறையைக் கையாளும் பலரும் கேள்விப் பெட்டிகளை மறைத்துவிட்டாலே வேலை முடிந்ததாக எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணுவதில்லை. எந்தக் கோப்புறையில் ஏற்றுவது, எந்தெந்தப் பகுதிகள் தேவை, ஒரு பயனருக்கு மட்டுமா எல்லாருக்குமா, உரிம விதிகளை ஏற்பது யார், கணினியை மறுபடி தொடங்கலாமா என்று ஒவ்வொரு பெட்டியும் ஒரு முடிவைக் கேட்கிறது. பெட்டி மறைந்தாலும் முடிவு எடுக்கப்படத்தான் செய்கிறது. நாம் எடுக்காவிட்டால் நிறுவியை, அதாவது மென்பொருளை ஏற்றும் நிரலை, எழுதியவர் வைத்த இயல்பு விடையே நம் அலுவலகம் முழுவதற்கும் பொருந்திவிடும். ஆகவே நான் முதலில் ஒரு கணினியில் கையால் நிறுவி, அது கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அதற்குரிய விடையையும் எழுதி வைத்துக்கொண்ட பிறகே கட்டளையை எழுதத் தொடங்குவேன்.

விடையைக் கொடுக்கும் விதம் நிறுவிக்கு நிறுவி வேறுபடும். ஆபிஸ் 2000 உடன் அறிமுகமான விண்டோஸ் இன்ஸ்டாலர் வகையில், அதாவது எம்எஸ்ஐ கோப்புகளில், ‘/க்யூஎன்’ என்ற ஒரே சுவிட்ச், அதாவது கட்டளையோடு சேர்த்து எழுதும் குறி, எங்கும் செல்லும். இஎக்ஸ்இ கோப்புகளோ எந்தக் கருவியால் கட்டப்பட்டன என்பதைப் பொறுத்தவை. என்எஸ்ஐஎஸ் என்னும் நிறுவி கட்டும் கருவியால் ஆனவற்றுக்கு ‘/எஸ்’ போதும். ஆனால் அந்த எஸ் பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும், சிறிய எழுத்தைக் கொடுத்தால் வழக்கமான சாளரம் திறந்துகொள்ளும். இன்னோ செட்டப் என்ற இன்னொரு கருவியின் வகைக்கு ‘/வெரிசைலன்ட்’ என்பதோடு, இடையில் எழும் செய்திப் பெட்டிகளை அடக்கும் தனிச் சுவிட்சையும் சேர்க்க வேண்டும். கையால் நிறுவும்போது கொடுத்த விடைகளை ஒரு கோப்பில் சேமித்து, பிற கணினிகளில் அதையே படிக்கச் செய்யும் வசதி இன்னோ செட்டப்பிலும் இன்ஸ்டால்ஷீல்ட் என்ற கருவியிலும் உண்டு. போதிய அளவு பயன்படுத்தப்படாத நல்ல வசதி இது.

உரிம விதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணக்கு மென்பொருள்கள் பலவற்றின் அடியில் இயங்கும் எஸ்க்யூஎல் சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருள், விதிகளை ஏற்பதற்கென உள்ள அளவுருவைக் (பாராமீட்டர்) கட்டளையில் எழுதாவிட்டால் அமைதியாக நிறுவ மறுத்துவிடும். அந்த அளவுருவை எழுதுபவர் அலுவலகத்தின் சார்பில் ஒப்புதல் தருகிறார். எனவே உரிமையாளரிடம் அந்த விதிகளைக் காட்டி, அவர் ஒப்புதலை எழுத்தில் வாங்கி வைப்பதைத் தொழில்நுட்பப் பணியாளர் தவிர்க்கக் கூடாது.

விடை கொடுக்காமல் விட்ட கேள்வி எப்படித் தலைகாட்டும் என்பதை, ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நேராகக் காணலாம். மையத்திலிருந்து அனுப்பப்படும் நிறுவல்கள் பெரும்பாலும் விண்டோஸின் சொந்தப் பயனர் கணக்கான சிஸ்டம் கணக்கில் ஓடுகின்றன; விண்டோஸ் விஸ்டா முதல் அக்கணக்கின் சேவைகள் பயனரின் திரையிலிருந்து பிரிக்கப்பட்ட செஷன் 0 என்னும் பகுதியில் இயங்குகின்றன. அங்கே ஒரு கேள்விப் பெட்டி எழுந்தால் அதை யாரும் பார்க்க முடியாது, பொத்தானை யாரும் அழுத்த முடியாது. விவரப் பட்டியலில் செஷன் எண்ணைக் காட்டும் நெடுவரிசையைச் சேர்த்துப் பார்த்தால், நிறுவியின் பெயருக்கு எதிரே 0 இருக்கும், சிபியு பயன்பாடும் 0 ஆகவே நிற்கும், நிறுவலின் படிகள் பதிவாகும் லாக் கோப்பின் கடைசி வரி மாறாமல் இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து தென்பட்டால், நிறுவி யாரும் காணாத ஒரு பெட்டிக்கு விடை எதிர்பார்த்துக் கிடக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அடுத்தது எக்ஸிட் கோட், அதாவது நிறுவி முடியும்போது திருப்பும் எண். விண்டோஸ் இன்ஸ்டாலரில் 0 வெற்றி. 1603 நிறுவல் முறிந்தது. 1618 வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, சற்றுப் பொறுத்து மீண்டும் முயல வேண்டும். 3010 தோல்வியல்ல, நிறுவல் முடிந்தது, மறுதொடக்கம் பாக்கி என்று பொருள். “தம்பி, எஸ்எஸ்டி கணக்கு முடிக்கிற நேரத்துல கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க” என்று விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டியைக் கவனிக்கும் அலுவலகத்து அக்கா ஒருவர் எப்போதும் சொல்வார். அவர் சொல்வது முற்றிலும் நியாயம். அதனால் மறுதொடக்கத்தைத் தடுக்கும் சுவிட்சை எல்லாக் கட்டளைகளிலும் சேர்த்து, 3010 திருப்பிய கணினிகளை மட்டும் இரவில் தொடங்கச் செய்கிறேன். 0 என்பதையும் அப்படியே நம்புவதில்லை. சில இஎக்ஸ்இ கோப்புகள் உண்மையான நிறுவியைத் தனியாகத் தொடங்கிவிட்டு, அது முடியும்வரை காத்திராமல் 0 என்று சொல்லி விலகிவிடும். மென்பொருளின் முதன்மைக் கோப்பு உரிய இடத்தில் இருக்கிறதா, அதன் பதிப்பு எண் சரியா என்று பார்த்த பிறகே அந்தக் கணினியை முடிந்த பட்டியலில் சேர்க்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்யும் அலுவலகங்களில் இன்னொரு சிக்கல் வரும். விண்டோஸில் விசைப்பலகைத் தேர்வு கணினிக்கு உரியதன்று, பயனருக்கு உரியது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தந்தப் பயனரின் பகுதியில்தான் அது பதிவாகிறது. சிஸ்டம் கணக்கில் ஓடும் நிரல் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தால், அது சிஸ்டம் கணக்குக்குச் சேருமே தவிர மேசையில் அமர்ந்திருப்பவருக்குச் சேராது. இயல்புப் பயனர் விவரத்தில் சேர்த்தாலும் இனி உருவாகும் கணக்குகளுக்கு மட்டுமே அது பயன்படும். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு, அவர்கள் உள்நுழையும்போது அவர்கள் பெயரிலேயே ஓடும் சிறு நிரல் வேண்டும். எழுத்துருக்களை எல்லாருக்கும் பொதுவாக நிறுவ முடியும் என்பதால் அவற்றை முதல் கட்டத்திலேயே முடித்துவிட்டு, விசைப்பலகையை மட்டும் இந்த உள்நுழைவு நிரலுக்கு விட்டுவைக்கிறேன்.