மீட்டரா, சென்டிமீட்டரா

ஆகஸ்ட் 4, திங்கள்

வியாழக்கிழமை துறைக் கருத்தரங்கில் ரிட்பெர்க் அணுக்களைப் பற்றி, அதாவது வெளி எலக்ட்ரான் மிக உயர்ந்த மட்டத்தில் நிற்கும் அணுக்களைப் பற்றி, நான் பேச வேண்டும். அத்திப்பட்டு புதுநகரில் ரயில் ஏறியது முதல் கொருக்குப்பேட்டை வரை மடியில் கணக்கு நோட்டுதான்.

அணுவின் வெளி எலக்ட்ரானை லேசரால் 50ஆவது ஆற்றல் மட்டத்துக்கு ஏற்றினால், அது அணுக்கருவை விட்டு ஏறக்குறைய 130 நானோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. சாதாரண ஹைட்ரஜனில் அந்தத் தூரம் 0.053 நானோமீட்டர். 2500 மடங்கு விலகல்; பிடிப்பும் அதே மடங்கு தளர்ந்துவிடும். எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டியிருந்த இடத்தில் 0.005 போதும். பேருக்குத்தான் அணு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இப்படிப்பட்ட அணுவை மின்புலத்தில் வைத்தால்? புத்தகத்தில் இருக்கும் வரைபடம் எனக்குத் திருப்தி தரவில்லை. எண்ணூர் முகத்துவாரத்தை நினைத்துக்கொண்டேன். மணல் மேவி அடைத்திருக்கும்போது தண்ணீர் உள்ளேயே தேங்கும். ஒரு பக்கம் மணலை வாரிவிட்டால் போதும், அந்த வழியாகக் கடலுக்கு ஓடிவிடும். மின்புலமும் அணுவின் ஒரு பக்கக் கரையை இப்படித்தான் தாழ்த்துகிறது. உயர்ந்த மட்டத்து எலக்ட்ரான் ஏற்கெனவே கரை விளிம்பில் ததும்பிக்கொண்டிருப்பது. மட்டம் இரட்டித்தால், அதை வெளியேற்றத் தேவையான புலம் 16இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

ஆனால் ஹைட்ரஜனில் ஒரு வம்பு உண்டு. கரை தாழ்ந்த பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நிற்கும் எலக்ட்ரான் நிலைகள் இந்தக் கணக்கைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். பல எலக்ட்ரான்கள் கொண்ட ருபீடியம் அணுவில் உள் எலக்ட்ரான்கள் நிலைகளைக் கலக்கிவிடுவதால் அந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்காது.

மின்புலத்தில் ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகள் பிளவுபடுவதை 1913இல் காட்டியவர் யோகன்னஸ் ஸ்டார்க். 1919இல் நோபல். பிற்பாடு ஹிட்லருக்குக் கொடி பிடித்த மனிதர். பேச்சில் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடப் போகிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மானம் போயிற்று.

50ஆவது மட்டம் உடைய, அதாவது எலக்ட்ரான் அணுவை விட்டு ஓடிவிட, தேவையான புலம் மீட்டருக்கு 51 வோல்ட் என்று ஸ்லைடில் போட்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு முதலாண்டு மாணவி எழுந்து, "சார், மழை இல்லாத நாள்லயே வெளியில மீட்டருக்கு 100 வோல்ட் இருக்கும்னு படிச்சோமே. அப்போ இந்த அணு வராண்டாவுலகூட நிக்காதா?" என்று கேட்டாள். சென்டிமீட்டருக்கு 51 வோல்ட் என்று இருக்க வேண்டியது. அதாவது மீட்டருக்கு 5100.

அசடு வழிந்தாலும் கேள்வி அருமையானது. வீடு திரும்பும்போது அதையே போட்டுப் பார்த்தேன். காற்று மூலக்கூறுகளின் மோதலை மறந்துவிட்டால், அந்த 100 வோல்ட் புலத்தில் 133ஆவது மட்டம் வரை தாங்கும், அதற்கு மேல் உடையும். ஆனால் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 327 மெகாஹெர்ட்ஸ் பக்கம் விண்வெளியிலிருந்து பிடித்த நிறமாலைக் கோடுகள் 272ஆவது மட்டத்து அணுக்களிலிருந்து வந்தவை! விட்டம் 8 மைக்ரோமீட்டர், நம் ரத்தச் சிவப்பணு அளவு. இங்கே வராண்டாவில் நிற்க முடியாத அணு, விண்மீன்களுக்கு இடையே சௌக்கியமாக இருக்கிறது.

ஆய்வகத்தில் இந்தப் பலவீனமே கருவி. புலத்தைப் படிப்படியாக ஏற்றினால் உயர்ந்த மட்டம் முதலில் உடையும், தாழ்ந்தது பிறகு. பிரெஞ்சு இயற்பியலாளர் செர்ஜ் அரோஷ் தன் சோதனைகளில் 50ஆவது, 51ஆவது மட்டங்களை இப்படித்தான் பிரித்தறிந்தார். 2012 நோபல் அவருக்கும் டேவிட் வைன்லேண்டுக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பா லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "இன்னாடா, ஞாயித்துக்கிழமையும் கணக்கா?" என்றார். சொன்னேன். அனல்மின் நிலையத்திலிருந்து கிளம்பும் 400 கிலோவோல்ட் கம்பிகளுக்கு நேர் கீழே, தரையருகில், மீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் இருக்கும். 50ஆவது மட்டம் உடையும் எல்லையும் அங்கேதான்.

"அது ஏசி ஆச்சே நைனா, நொடிக்கு 50 தபா மாறுமே?" என்று நானே ஒரு கேள்வி போட்டேன். அவருக்காக இல்லை, எனக்காகத்தான். அந்த எலக்ட்ரான் ஒரு சுற்றை முடிக்க நொடியில் லட்சம் கோடிப் பங்கில் 19 பங்கு ஆகும். அதன் பார்வையில் நம் ஏசி அசையாமல் நிற்பதுதான்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தக் கம்பிக்குக் கீழ டியூப்லைட்ட கையில புடிச்சா தானா மினுக்கும். நாங்க பாத்துருக்கோம்" என்றார். உடனே, "மழை வர்ற மாதிரி இருக்கு. நீ போய்ப் புடிக்காத" என்றார்.

ஸ்லைடைத் திருத்தி அந்த மாணவிக்கு அனுப்பிவிட்டேன்.